கருவாட்டு உப்பும் ரத்தக் கொதிப்பும்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வரத்து கூடி விலை விழுந்தால், மிஞ்சிய மீன் கருவாட்டுக்குப் போகும். சுறா, வாளை போன்றவற்றைக் கீறிக் குடல் எடுத்து, கல்லுப்பைத் தூவி அடுக்கிவைத்தால் சில மணி நேரத்தில் அடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். யாரும் ஊற்றியதல்ல, மீனின் தசையிலிருந்து உப்பு இழுத்தெடுத்தது. ஈரம் போய்விட்டால் அழுகவைக்கும் கிருமிகளுக்கு அங்கே பிழைப்பில்லை.

தண்ணீரை இழுக்கும் இந்தக் குணம் நம் உடம்புக்குள் போனாலும் மாறுவதில்லை. உப்பிலுள்ள சோடியம் ரத்தத்தில் ஏறினால் தண்ணீர் அதன் பின்னால் வருகிறது. தாகமெடுத்து நாமும் குடிக்கிறோம். உபரியைச் சிறுநீரகம் வெளியேற்றும்வரை ரத்தத்தின் அளவு கூடியே இருக்கும், அழுத்தமும்தான். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றாலே இதயம் ஒரு நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் அடிக்கிறது. ஒவ்வொரு அடியிலும் கூடுதல் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருந்தால், வருஷம் போகப்போக இடது கீழறையின் சுவர் தடித்துப்போகும். ரத்தக் குழாயின் உட்சுவர் புண்பட்டு, கொழுப்பு படியத் தோதாகிவிடும்.

இதற்காகக் கருவாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. ஏழை வீட்டுக்கும் எட்டுகிற புரதம் அது. நெத்திலியைப் பல இடங்களில் உப்பே போடாமல்தான் காயவைக்கிறார்கள். உப்புக் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசினால் உப்பில் ஒரு பங்கு கழிந்துவிடும். அலசிவிட்டு, குழம்பில் வழக்கமான உப்பைப் போட்டால் பட்ட பாடு வீண்.

உப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. மூன்று வேளைக்கும் சேர்த்துத்தான். சிதம்பரத்தில் நான்கு ரத வீதிகளையும் விடிகாலையில் வேகுவேகென்று சுற்றிவிட்டு, நேரே கொத்சு ஊற்றிய இட்லியின் முன் உட்காருகிறவர்கள் உண்டு. நடை நல்லதுதான். ஆனால் இட்லி மாவில், கொத்சுவில், சட்னியில் என்று காலையிலேயே கணக்கு ஏறத் தொடங்கிவிடுகிறது. மதியம் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் வேறு.

உப்பையே மாற்றினால்? சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்பு. மீதிக்கு, நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. மாற்று உப்பு சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021-ல் முடிவு வெளியானது. நம் கடைகளிலும் சோடியம் குறைந்த உப்பு கிடைக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் உடம்பில் தேங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும்.

கொதிப்பு வலிக்காது. அதுதான் அதன் சூது. தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஆய்வில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. அவர்கள் வரும்போது அடுப்படியிலிருந்து ஓடிவந்து கையை நீட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்போது வருவதே சரியான அளவு. “இப்ப நார்மலாயிடுச்சு, மாத்திரைய நிறுத்திட்டேன்” என்று அடிக்கடி கேட்கிறோம். நார்மலாக்கியதே அந்த மாத்திரைதானே!

நெஞ்சு அழுத்தினால் ‘வாயு’ என்று ஓமத்தண்ணீரோடு காத்திருப்பது இன்னொரு வழக்கம். அடைப்பென்றால் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். 108-ஐ அழைக்கலாம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகலாம். 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் அங்கேயே 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. முதல் இரண்டும் ரத்தக்கட்டி மேலும் வளராமல் தடுப்பவை. மெடிக்கலில் வாங்கி வைத்துக்கொண்டு நாமே விழுங்குவதற்கல்ல. வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவு இருந்தால் அதே மாத்திரை ஆளைச் சாய்த்துவிடும்.