கணினித் திரையில் தமிழும் அஞ்சுவண்ணமும்

மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தை அறியாதார் இப்பிரதேசத்தில் இலர். அதன் அடிமரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர். ஆபிரிக்க மண்ணுக்குரிய அம்மரத்தைத் தமது ஒட்டகங்களுக்குத் தீனியாகும் பொருட்டு அரபு வணிகர் கொண்டுவந்து நாட்டினர் என்று வழிவழியாகக் கூறப்பட்டு வருகிறது. கடல் கடந்து வந்த அந்த வணிகர்களின் கதை, இன்று எவரும் எதிர்பாராத ஓரிடத்தில், அதாவது கணினி விளையாட்டுகளில், மீண்டும் தலைகாட்டியிருக்கிறது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை எமது வாசகர்கள் அறிந்துகொள்வது நன்று.

பிள்ளைகள் கணினி விளையாட்டில் மூழ்கிக் கிடப்பதைப் பெற்றோர் கடிந்துகொள்வது வழக்கம். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அக்கண்டிப்பு நியாயமானதே. ஆயினும் ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ என்னும் போர்த்தந்திர விளையாட்டுத் தொடரின் வரலாறு சற்று வேறுபட்டது. அமெரிக்காவின் என்செம்பிள் ஸ்ரூடியோஸ் நிறுவனம் உருவாக்கிய இதன் இரண்டாம் பாகம் 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆடுபவர் ஒரு சில குடிமக்களுடன் ஆரம்பிக்க வேண்டும். அவர்களைக் கொண்டு உணவு, மரம், பொன், கல் ஆகியவற்றைச் சேர்த்து, இருண்ட காலத்திலிருந்து படிப்படியாகப் பேரரசுக் காலம் வரை தமது சமூகத்தை வளர்த்தெடுக்க வேண்டும். படை திரட்டுவதற்கு முன்னர் வயலும் துறைமுகமும் சந்தையும் அமைத்தாக வேண்டும். பொருளாதாரத்தைக் கவனியாது வாளை மட்டும் நம்புபவர் விரைவிலேயே தோற்றுப் போவார்.

அந்த 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் அரபு முஸ்லிம்களுக்கு இடமிருந்தது. சலாஹுத்தீன் ஐயூபியின் வரலாறு தனியொரு தொடராகவே அமைக்கப்பட்டிருந்தது. அக்கதையைக் கூறுபவர் சிலுவைப் போர்க் கைதியான ஒரு நோர்மன் வீரர். பகைவரிடம் சிறைப்பட்ட அவர், அப்பகைவரின் கண்ணியத்தைக் கண்டு மெல்ல மெல்ல மதிப்புக் கொள்கிறார். மேற்கத்திய வெகுசனப் படைப்புகளில் முஸ்லிம்கள் பெரும்பாலும் எவ்வாறு சித்திரிக்கப்பட்டனர் என்பதை நினைக்கையில் இது குறிப்பிடத்தக்க நேர்மை என்றே நாம் கருதுகின்றோம். ஆனால் இந்தியத் துணைக்கண்டத்துக்கு அப்பதிப்பில் இடமே இருக்கவில்லை. பாரசீகம் இருந்தது, சீனம் இருந்தது, யப்பானும் இருந்தது. அவற்றுக்கு இடைப்பட்ட பெருநிலம் முழுவதும் வெறுமையாகவே விடப்பட்டிருந்தது.

2009ஆம் ஆண்டு என்செம்பிள் நிறுவனம் மூடப்பட்டது. அத்துடன் இவ்விளையாட்டும் பழங்கதையாகிவிடும் என்றே பலரும் எண்ணினர். அதனைக் காப்பாற்றியவர்கள் இரசிகர்களே. பெல்ஜியத்தைச் சேர்ந்த பேர்ட் பீக்மன் என்பவர் அவர்களுள் முக்கியமானவர். இணையத்தில் ‘சைசியன்’ என்னும் புனைபெயரால் அறியப்பட்ட இவரும், பல நாடுகளில் இருந்த இவரது நண்பர்களும், எவரும் கேளாமல், எவரிடமும் ஊதியம் பெறாமல், அப்பழைய விளையாட்டுக்குப் புதிய பாகம் ஒன்றைத் தாமாகவே உருவாக்கி 2012ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டனர். ‘மறக்கப்பட்ட பேரரசுகள்’ என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினர். விடுபட்டுப் போன மக்களை உள்ளே கொண்டுவருவதே அவர்களது நோக்கம். அவ்வாறு வந்த ஐந்து மக்களுள் ‘இந்தியர்’ ஒன்று.

தமது சொத்தில் கைவைத்தவர்கள் என்று மைக்ரோசொப்ட் நிறுவனம் அவர்கள்மீது வழக்குத் தொடுத்திருக்கலாம். மாறாக, 2013ஆம் ஆண்டு அவ்விரசிகர் படைப்பையே தனது உத்தியோகபூர்வ வெளியீடாக ஏற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் அவ்விளையாட்டுக்குக் கிடைத்த முதல் உத்தியோகபூர்வ விரிவாக்கம் அதுவே. இரசிகர்கள் தொழில்முறைப் படைப்பாளிகளாயினர். 2019ஆம் ஆண்டு வெளிவந்த புதுப்பிக்கப்பட்ட பதிப்பின் உருவாக்கத்திலும் அவர்களே முன்னின்றனர். பொழுதுபோக்காகத் தொடங்கிய ஈடுபாடு ஒருவரது வாழ்நாள் தொழிலாவது எல்லோருக்கும் வாய்ப்பதன்று. வாய்த்தவர்கள் அதனைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதே எமது அக்கறைக்குரியது.

எல்லா இந்தியரையும் ஒரே மக்களாகக் காட்டியது தவறு என்பதை அவர்கள் உணர்ந்தனர். 2022 ஏப்ரலில் வெளிவந்த விரிவாக்கத்தில் வங்காளரும் கூர்ஜரரும் திராவிடரும் தனித்தனியாக இடம்பெற்றனர். பழைய இந்தியர் ‘இந்துஸ்தானியர்’ ஆயினர். திராவிடர் அணியின் குடிமக்களும் போர்வீரரும் திரையில் பேசுவது தமிழ். முதலாம் இராஜேந்திர சோழனின் படையெடுப்புகள் ஒரு தொடராக அமைந்துள்ளன. சுருள்வாளாகிய உறுமியை ஏந்திய வீரரும் உள்ளனர். எமது கரையோர வாசகர்களை முறுவலிக்கச் செய்யும் ஒரு விபரமும் உண்டு: திராவிடரின் மீன்பிடிப் படகுகள் ஏனையோரின் படகுகளைவிடக் கூடுதலான மீனைச் சுமந்துவரும்!

‘திராவிடர்’ என்ற பெயரை எந்த மன்னனும் தனது அரசுக்குச் சூட்டியதில்லை என்ற ஆட்சேபம் எழுந்தால் அது நியாயமானதே. கன்னட, தெலுங்கு, மலையாள மக்களையும் அதே கூடையில் இட்டுத் தமிழைப் பேச வைப்பது, முன்னர் இந்தியர் அனைவரையும் ஒன்றாக்கிய அதே தவறின் சிறிய வடிவமாகும்.

இவ்வணிக்குரிய தொழில்நுட்பங்களுள் ஒன்று ‘வூட்ஸ்’ உருக்கு. அதனைப் பெற்ற வீரரின் வாள் எதிரியின் கவசத்தை மீறிச் செல்லும். இது வெறுங்கற்பனையன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருவான உயர்தர உருக்கு அரபுலகின் வாட்களுக்குப் பயன்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, வாட்களைப் பற்றிய தமது நூலில் சரந்தீப் வாட்களையும் குறிப்பிட்டுள்ளார். பருவக்காற்றின் விசையால் இயங்கிய பண்டைய உலைகளைச் சமனலவெவப் பகுதியில் அகழ்ந்தெடுத்த ஆய்வு 1996ஆம் ஆண்டு வெளியாயிற்று.

இனி எமது கவலைக்கு வருவோம். இராஜேந்திரனின் படையெடுப்பு தமிழ் இளைஞனுக்குப் பெருமையாக இருக்கலாம். ஐந்தாம் மகிந்தன் 1017ஆம் ஆண்டளவில் சிறைபிடிக்கப்பட்டதைச் சிங்கள இளைஞன் அவ்வாறு நினைக்க மாட்டான். முஸ்லிம் இளைஞனுக்கோ அக்கதையில் இடமே இல்லை. மன்னர்களின் வெற்றி தோல்விகளை மட்டும் வரலாறு என்று கற்பிப்பதன் விளைவை இந்நாடு போதுமான அளவுக்கு அனுபவித்துவிட்டது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரில் தலைமுறை தலைமுறையாகத் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழ்ந்த வாழ்வு சில நாட்களில் அறுக்கப்பட்டது. அவ்வாழ்வின் தொன்மை எத்தகையது என்பதைப் பின்னர் பிறந்த பிள்ளைகள் பலர் அறியார்.

இவ்விடத்தில் மற்றொரு விளையாட்டு உதவிக்கு வருகிறது. 1991இல் சிட் மையர், புரூஸ் ஷெல்லி ஆகியோர் உருவாக்கிய ‘சிவிலைசேஷன்’ தொடரின் ஏழாம் பாகம் 2025 பெப்ரவரியில் வெளிவந்தது. (ஷெல்லி பின்னர் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் உருவாக்கத்திலும் பங்கேற்றவர், இரு தொடர்களும் ஒரு வகையில் உறவினரே.) இப்பாகத்தில் சோழருக்குரிய சிறப்புக் கட்டடங்கள் எவை தெரியுமா? மணிக்கிராமமும் அஞ்சுவண்ணமும். இரண்டும் கோட்டைகளல்ல, வணிகக் குழுக்களின் பெயர்கள். ஒரே கட்டத்தில் இவ்விரண்டையும் அமைத்தால் ‘ஐந்நூற்றுவர்’ பகுதி உருவாகும். அந்த ஐந்நூற்றுவர் பதவியாவிலும் வாகல்கடவிலும் தமிழ்க் கல்வெட்டுகளை விட்டுச் சென்றவர்கள்.

அஞ்சுவண்ணம் மேற்காசியாவிலிருந்து வந்த வணிகரின் குழு. கி.பி. 849இல் கொல்லத்தில் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் அப்பெயர் உண்டு. அச்செப்பேடுகளில் சாட்சிகள் கூபிக் அரபு எழுத்திலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். யூதரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒரே ஆவணத்தில்! பிற்காலத்தில் தமிழகக் கரையில் அப்பெயர் பெரிதும் முஸ்லிம் வணிகரையே குறித்தது. தக்கலையில் அது இன்றும் வழக்கில் உள்ளது. தோப்பில் முஹம்மது மீரான் தமது நாவலொன்றுக்கு ‘அஞ்சுவண்ணம் தெரு’ என்று பெயரிட்டதும் இதனாலேயே.

அவ்வணிகக் கப்பல்கள் தங்கிச் சென்ற துறைகளுள் ஒன்று, பள்ளிமுனைக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள மாந்தை என்னும் மாதோட்டம். சோழர் காலத்தில் இராஜராஜபுரம் என்று பெயர் பெற்ற அங்கு, தாழிகுமரன் என்னும் சோழ அதிகாரி கோயிலெடுத்த செய்தி கல்வெட்டில் உள்ளது. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழ்வில் சீனப் பீங்கானும் இஸ்லாமிய உலகின் மட்பாண்டங்களும் கிடைத்தன. யுத்தத்தினால் அப்பணி தடைப்பட்டது. முழு அறிக்கை 2013ஆம் ஆண்டுதான் நூலாக வெளிவந்தது.

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் விளையாட்டினுள்ளேயே புதிய நிலப்படங்களையும் கதைகளையும் அமைக்கும் கருவியொன்று உள்ளது. அதற்கு மேலதிகக் கட்டணம் இல்லை. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. மாந்தைத் துறைமுகத்தையும் அதன் அகழியையும், ஐந்நூற்றுவரின் கிடங்கையும் அஞ்சுவண்ணத்தாரின் தெருவையும், மீன் சுமந்துவரும் படகுகளையும் ஒரு பாடசாலைக் கணினி அறையில் அமைத்துவிடலாம். மன்னாரின் தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் இரண்டு சேர்ந்து ஒரு தவணை விடுமுறையில் இதனைச் செய்து பார்க்கலாம். வரலாற்று ஆசிரியரும் கணினி ஆசிரியரும் உடனிருந்தால் போதும்.