தெற்கே போகும் வெப்பம்

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, ஹந்தானை மலைச்சாரலில் மழையாகி இறங்கி கண்டி நகரை நனைப்பதற்கு முன்னரே, இந்து சமுத்திரத்தின் மேல்நீரைத் தள்ளி, பெருமளவு வெப்பத்தை இடம்பெயர்த்துவிடுகிறது.

நடுக்கோட்டுப் பகுதி தான் இழப்பதைவிட மிகுதியான வெப்பத்தைச் சூரியனிடமிருந்து பெறுகிறது. துருவங்களிலோ நிலைமை நேர்மாறானது. இந்த ஏற்றத்தாழ்வைத் தணிப்பதில் வளிமண்டலத்தின் பங்கே பெரிதெனினும், கடலின் மேல் மூன்று மீற்றர் நீரே முழு வளிமண்டலத்துக்கும் நிகரான வெப்பத்தைக் கொள்ளவல்லது என்பதால், மெல்ல நகரும் கடலும் கணக்கில் சேரவேண்டியதே. அத்திலாந்திக் சமுத்திரத்தில் வளைகுடா நீரோட்டம் வெதுநீரை வடக்கே கொண்டுசெல்வதைப் பாடநூல்கள் சலிக்காமல் சொல்கின்றன. நம்மைச் சூழ்ந்த கடலுக்கு அந்த எடுத்துக்காட்டு உதவாது. வடக்கே ஆசிய நிலப்பரப்பு அடைத்து நிற்பதால், இங்கு மிகும் வெப்பத்துக்குத் தென்திசையே போக்கிடம்.

அவ்வழியில் அதைச் செலுத்துவது காற்று. சுவீடன் நாட்டு அறிஞர் எக்மன் 1905இல் விளக்கியவாறு, காற்று உரசும் மேல்நீர் காற்றின் திசையிலேயே செல்வதில்லை. புவி சுழல்வதால், அதன் மொத்த நகர்வு வட அரைக்கோளத்தில் காற்றுக்கு வலப்புறம் செங்குத்தாகவும், தென் அரைக்கோளத்தில் இடப்புறம் செங்குத்தாகவும் அமைகிறது. நடுக்கோட்டின் மிக அருகில் இவ்விதி செல்லாதெனினும், அதற்கு வடக்கே தென்மேற்கிலிருந்து வீசும் காற்று நீரைத் தென்கிழக்காகவும், அதற்குத் தெற்கே தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று தென்மேற்காகவும் தள்ளுவதால், இருபுறத்திலும் வெதுநீர் தெற்கையே நாடுகிறது. அவ்வேளை சோமாலியக் கரையோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கியதும் நகர்வு திசைமாறுகிறது என்றாலும், அக்காற்று வலுக்குறைந்தது என்பதால், ஆண்டுக் கணக்கில் தெற்கு நோக்கிய வெப்பமே விஞ்சுகிறது.

இதில் வியப்புக்குரியது வேறொன்று. கடலை இவ்வாறு தெற்கே தள்ளும் அதே காற்று, தென் இந்து சமுத்திரத்தில் ஆவியான நீரோடு, அதை ஆவியாக்கச் செலவான வெப்பத்தையும் மறைவெப்பமாக வடக்கே சுமந்துவருகிறது. ஆவி முகிலில் நீராகும்போது அந்த வெப்பம் வளிமண்டலத்தில் வெளிப்படுகிறது. இவ்வாறு கடல்நீர் ஒரு திசையிலும், ஆவியைச் சுமக்கும் காற்று அதற்கு எதிர்த்திசையிலும் வெப்பத்தைக் கடத்துகின்றன.

ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில், வெப்பத்தை முகிலிலேயே விட்டுவிட்டு விழும் மழைநீர், 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி கங்கையோடு கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் மீண்டும் கடலைச் சேர்கிறது.