ஓடுபாதையும் நிலமற்றோரும்

மதுரை விமான நிலைய விரிவாக்கம் நகர வளர்ச்சியின் அடையாளமாகப் பேசப்படுகிறது. அதற்காக வெளியேறச் சொல்லப்பட்ட சின்ன உடைப்பு மக்களோ, மாற்றுக் குடியிருப்பு வழங்காமல் வீடுகளை அகற்றக் கூடாதென 2024 நவம்பரில் போராடினர். வளர்ச்சியின் விலையை யார் தருகிறார் என்னும் கேள்வியை அப்போராட்டம் எழுப்பியது.

நில எடுப்பில் இழப்பீடு பட்டாவைப் பின்தொடர்ந்தே செல்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் வசமிருப்பது 9 விழுக்காட்டிற்கும் குறைவு. வயல் ஓடுபாதையாகும்போது உடைமையாளருக்குப் பணம் கிடைக்கிறது. அவ்வயலில் கூலிக்கு உழைத்தவர் பிழைப்பையே இழக்கிறார்.

2013ஆம் ஆண்டின் மைய நில எடுப்புச் சட்டம், மூன்றாண்டுகள் அங்கு உழைத்து வாழ்ந்த நிலமற்ற உழவுத் தொழிலாளரையும் குத்தகைதாரரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என வரையறுத்தது. அவர்களைக் கண்டறிவதற்கான முதல் வழி சமூகத் தாக்க மதிப்பீடு. ஆனால், தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தின்கீழ் அம்மதிப்பீடு கட்டாயமன்று. கணக்கில் வராதவருக்கு மறுவாழ்வும் வாய்ப்பதில்லை.

எனவே, மாநில அரசு எச்சட்டத்தின்வழி நிலம் எடுத்தாலும், ஓடுபாதையின் நீளத்தை முடிவுசெய்யுமுன் அந்நிலத்தை நம்பி வாழும் குடும்பங்களைக் கணக்கெடுத்தாக வேண்டும்.