ரயர் பழுப்பேறுவது ஏன்?

மோட்டார் வண்டியைக் கழுவித் துடைத்துப் பளபளக்கச் செய்த பின்னரும், அதன் ரயர்கள் மட்டும் பழுப்பேறி மங்கி நிற்பதை நேயர்கள் பலர் கண்டிருப்பர். அழுக்கென எண்ணி மண்ணெண்ணெயோ பெற்றோலோ தோய்த்த துணியால் அதனைத் தேய்ப்போர் உளர். கழித்த இயந்திர எண்ணெயைப் பூசிக் கருமையூட்டுவோரும் உளர். இவ்விரண்டும் ரயரின் ஆயுளைக் குறைக்கும் செயல்களாம். ஏனெனில், அப்பழுப்பிற் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்த அழுக்கன்று. ரயர் தன்னைத் தானே காத்துக்கொள்வதன் அடையாளம்.

1876 ஆம் ஆண்டில் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு இறப்பர்க் கன்றுகள் வந்த நாள் முதலாக அம்மரத்தை அறிந்த எமது நாட்டவர்க்கு, இறப்பர்ப் பால் வெண்ணிறமானது என்பது புதிய செய்தியன்று. ரயருக்குக் கருமை தருவது அதனுடன் சேர்க்கப்படும் காபன் கரித்தூள். அது ரயருக்கு உறுதியளிப்பதோடு வெயிலின் கொடுமையையும் தாங்குகின்றது. எனினும், இறப்பருக்கு மற்றொரு பகையும் உண்டு. காற்றிலுள்ள ஓசோன் என்னும் வாயு, இழுபட்டு நிற்கும் இறப்பரைத் தாக்கி நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும்.

இதனைத் தடுக்கவே மெழுகையும் ஓசோன் எதிர்ப்பு இரசாயனத்தையும் ரயரிற் கலக்கின்றனர். இவை உள்ளிருந்து சிறிது சிறிதாக மேற்பரப்புக்குக் கசிந்து வருவன. வண்டி நிற்கும்போது மெழுகு மெல்லிய போர்வையாய்க் காக்கும். வண்டி ஓடி ரயர் வளைந்து நெளியும்போது அப்போர்வை கிழியும். அப்பொழுது இரசாயனமே முன்னின்று ஓசோனை எதிர்கொள்ளும். அவ்வாறு பணி முடித்துச் செலவான பொருளே பழுப்பாய்ப் படிகின்றது. வீதிப் புழுதியும் பிறேக்கிலிருந்து உதிரும் தூளும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. மண்ணெண்ணெயும் பெற்றோலும் இப்பழுப்போடு நில்லாது, உள்ளிருக்கும் காவற்பொருளையும் கரைத்தெடுத்து, இறப்பரை ஊதவும் செய்யும்.

ஆயின் ரயரைக் கழுவும் முறை யாது? வண்டியை நிழலில் நிறுத்தி, ரயர் சூடாறிய பின்னரே தொடங்குதல் வேண்டும். முதலில் நீர் பாய்ச்சி மண்ணை அகற்றுக. பின்னர் ஒரு வாளி நீரிற் காரம் குறைந்த சவர்க்காரத்தைக் கரைத்து, நைலோன் தூரிகையால் தேய்க்க. கம்பித் தூரிகை ஆகாது. முதலில் எழும் நுரை பழுப்பாய் இருக்கும். அலசிவிட்டு, நுரை வெண்மையாகும்வரை மீண்டும் தேய்க்க. ரயருக்குப் பயன்படுத்திய துணியால் வண்டியின் வர்ணப்பூச்சைத் துடைத்தல் கூடாது. மினுமினுப்பு வேண்டுவோர் நீரை அடிப்படையாகக் கொண்ட பூச்சைப் பக்கங்களில் மட்டும் மெல்லிதாகப் பூசி, மிகுதியைத் துடைத்துவிடலாம். தரையிற் படும் பகுதியிற் பூசினால் வண்டி வழுக்கும்; மோட்டார்ச் சைக்கிளில் இது உயிருக்கே உலை வைக்கும்.

கழுவிய நீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஓடவிடாதிருத்தல் நன்று. ரயரின் காவலிரசாயனங்களுள் ஒன்று ஓசோனோடு சேர்ந்து பிறிதொரு பொருளாக மாறுவதையும், ரயர்த் துகள்களிலிருந்து மழைநீரோடு ஓடைகளில் கலந்த அப்பொருள் கோஹோ சல்மன் மீன்களைக் கொல்வதையும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆய்வாளர் 2020 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர்.

எனினும், இப்பணியின் மெய்ப்பயன் அழகன்று. கழுவும் கை ரயர் முழுவதையும் தடவிச் செல்கின்றது. கண்ணும் அதனோடு செல்லட்டும். பக்கங்களில் வெடிப்பு உண்டா? எங்கேனும் புடைத்திருக்கின்றதா? புடைப்பாயின் உள்ளிருக்கும் இழைகள் அறுந்தன என்று பொருள். அந்த ரயரை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. வரிப்பள்ளங்களின் இடையே சிறு மேடுகள் காணப்படும். அவை 1.6 மில்லிமீற்றர் உயரமுள்ளவை. ரயர் தேய்ந்து அவற்றோடு சமமாகிவிட்டால், மாரிகாலத்து வீதியில் அது நீரை வெளித்தள்ள மாட்டாது. பிறேக்கை அழுத்தினும் வண்டி நில்லாது சறுக்கும். பக்கத்தில் நான்கு இலக்கங்களையும் தேடிப் பார்க்க: 2319 என்றிருப்பின், அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டதாகும்.

பழைய வண்டி வாங்குவோர் இதனைச் சிறப்பாக மனத்திற் கொள்ளல் வேண்டும். புதுக்கருமை பூசிய ரயர் தன் வெடிப்புகளை மறைத்து நிற்கக்கூடும். பழுப்பேறிய நல்ல ரயர், கருமை பூசிய கெட்ட ரயரினும் மேலானது. குடும்பத்தை ஏற்றிச்செல்லும் வண்டி வீதியைத் தொட்டு நிற்பது நான்கு உள்ளங்கையளவு இறப்பரில் மட்டுமே என்பதை மறவாதிருப்போமாக.