வினைச்சொல்லைக் கண்டு பொருள் கொள்வோம்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களுக்கு நாம் செல்லுங்கால், ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் ஆங்கிலக் கடிதங்களைக் காட்டிப் பொருள் கேட்பது வழக்கம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தமிழ் நம் மாநிலத்தின் ஆட்சிமொழி ஆயிற்று. ஆயினும் மத்திய அரசு அலுவலகங்களிலிருந்தும் வங்கிகளிலிருந்தும் ஆங்கிலக் கடிதங்கள் வந்தவண்ணமே உள்ளன. நாடாளுமன்றம் வேறு வகை செய்யும் வரையில் சட்டங்களின் அதிகாரபூர்வமான வாசகம் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும் என்று அரசியலமைப்பின் 348ஆம் பிரிவும் கூறுகிறது. ஆதலின், ஆங்கில வினைச்சொற்கள் பற்றி நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் நான்கு கேள்விகளுக்கு இங்கே விடை கூறுவோம்.

1. 'ஷல்', 'மே' என்னும் சொற்களின் வேறுபாடு யாது?

'ஷல்' என்பது 'செய்தல் வேண்டும்' என்னும் கடமையையும், 'மே' என்பது 'செய்யலாம்' என்னும் விருப்புரிமையையும் குறிக்கும். ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்கும் 243-டி பிரிவில் 'ஷல்' உள்ளது. எனவே அதனைத் தவிர்க்க இயலாது. ஊராட்சிகளுக்கு அதிகாரம் வழங்குவது பற்றிய 243-ஜி பிரிவிலோ மாநிலச் சட்டமன்றம் வழங்க 'மே' என்றே உள்ளது. ஊராட்சிகளின் அதிகாரம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதற்கு இச்சிறு சொல்லும் ஒரு காரணமாகும். எனினும், இடம் நோக்கி 'மே' என்பதையும் கடமையாகவே நீதிமன்றங்கள் கொள்வதுண்டு.

2. 'நான்', 'நாம்' ஆகியவற்றுடன் மட்டுமே 'ஷல்' வரும் எனப் பள்ளியில் கற்றோமே?

அது எதிர்காலத்தை மட்டும் குறிக்கும் பழைய பள்ளி விதி. சட்டத்தில் 'தலைவர்', 'ஊராட்சி' போன்ற படர்க்கைச் சொற்களுடன் 'ஷல்' வருமிடத்து அது கடமையைச் சுட்டும்.

3. 'ரெகமெண்டட்' என்று கடிதம் வந்துவிட்டது, வேலையைத் தொடங்கலாமா?

கூடாது. 'ப்ரொபோஸ்ட்' என்றால் உத்தேசிக்கப்பட்டது. 'ரெகமெண்டட்' என்றால் பரிந்துரைக்கப்பட்டது. 'ஸாங்ஷண்ட்' என்றால்தான் அனுமதிக்கப்பட்டது. அச்சொல்லுக்கு முன் 'வில் பி' என்றிருப்பின் அனுமதி இனிமேல்தான் வரும். 'ஹாஸ் பீன்' என்றிருப்பின் வந்துவிட்டது. பரிந்துரையையே அனுமதி என்றெண்ணி, வெளியில் கடன் வாங்கிக் கிணறு வெட்டத் தொடங்கிய விவசாயி ஒருவரை நாம் அறிவோம். பின்னர் அவருடைய மனு தள்ளப்பட்டது. கிணறு பாதியில் நின்றது, வட்டி நிற்கவில்லை.

4. நிலப் பத்திரத்தில் 'அக்ரீஸ் டு செல்' என்றிருந்தால் நிலம் நமதாகுமா?

ஆகாது. 'ஸெல்ஸ்' என்பது விற்கிறார் என்பதாம். 'அக்ரீஸ் டு செல்' என்பது விற்க உடன்படுகிறார் என்பதேயாம். விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. உரிய கிரயப் பத்திரம் பதிவான பின்னரே நிலம் நமதாகும்.

ஆகவே, ஆங்கிலக் கடிதம் எது வரினும் முதலில் வினைச்சொல்லைத் தேடி அடிக்கோடிடுவோம். முடிந்ததா, இனி நடப்பதா, கடமையா, விருப்பமா என்று கேட்போம். ஐயம் எழின் கையொப்பமிடுவதற்கு முன் அறிந்தோரை அணுகுவோம். நம் குறைகளைத் தெரிவிக்க ஆங்கிலம் கட்டாயமன்று. மத்திய அரசுக்கும் தமிழிலேயே மனுச் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு நமக்கு அளித்துள்ளது. அவ்வுரிமையைத் தயங்காது பயன்படுத்துவோமாக.