புளியமுத்து சொல்லித்தரும் கணக்கு!

சிலேட்டு கிடையாது. பல்பம் கிடையாது. பிரம்பும் கிடையாது. ஆனால் கணக்கு வருகிறது!

எங்கே? வீட்டுத் திண்ணையில். பல்லாங்குழிப் பலகையில்.

வயல் சூழ்ந்த நாஞ்சில் நாட்டில் பாட்டிமார் பேத்திகளுக்குச் சொல்லிக்கொடுத்த விளையாட்டு இது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிமார் மனக்கணக்கில் கெட்டிக்காரிகளாக இருந்தார்கள் என்றால், அதில் இந்தப் பலகைக்கும் பங்கு உண்டு.

பலகையில் இரண்டு வரிசை. வரிசைக்கு 7 குழி. மொத்தம் 14. குழிக்கு 5 வீதம் 70 முத்து வேண்டும். புளியமுத்து போதும். சோழியோ மஞ்சாடி முத்தோ கிடைத்தால் இன்னும் அழகு. பலகை இல்லாதவர்கள் மண்ணில் குழி தோண்டி ஆடுவார்கள்.

ஆட்டம் எப்படி?

தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ள வேண்டும். அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொரு முத்தாகப் போட வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளிப் போட வேண்டும். அடுத்தது வெறுங்குழியா? அதைத் தடவிவிட்டு, அதற்கு அப்புறம் உள்ள குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் காலி என்றால் ஒன்றும் கிடையாது! ஒரு குழியில் 4 முத்து சேர்ந்தால் அது 'பசு'. குழிக்கு உடையவர் எடுத்துக்கொள்வார். (ஊருக்கு ஊர் முறை கொஞ்சம் மாறும்.)

7 முத்து!

இந்த முறையில் முதலில் ஆடுகிறவர் எந்தக் குழியில் தொடங்கினாலும் கிடைப்பது 7 முத்துதான். சந்தேகமா? போட்டுப் பாருங்கள்!

சிக்கல் அதன் பிறகுதான். இப்போது ஒரு குழியில் 8 இருக்கும். ஒன்றில் 1 இருக்கும். ஒன்று காலியாகக் கிடக்கும். எதை அள்ளினால் எங்கே போய் முடியும்? முத்தைத் தொடுவதற்கு முன்பே மனதுக்குள் ஆட்டம் ஓடி முடிய வேண்டும். அவசரப்பட்ட பிள்ளை வெறுங்குழியைத் தடவி விழிக்கும். யோசித்த பிள்ளை அள்ளும்.

ஆப்பிரிக்காவிலும் இதே வகை ஆட்டம் உண்டு. இந்த வகை ஆட்டங்களுக்கு 'மங்காலா' என்பது பொதுப்பெயர். மலேசியாவில் 'சொங்காக்'.

இப்போது கைபேசியிலும் பல்லாங்குழி வந்துவிட்டது. ஆனால் முத்தை எண்ணிப் போடும் வேலையைக் கருவியே செய்துவிடுகிறது. அப்புறம் பிள்ளைக்கு என்ன மிச்சம்?

தோற்றவர் பாடு

இரண்டாவது ஆட்டத்தில்தான் வகுத்தல் கணக்கு வருகிறது. ஜெயித்தவர் கையில் 41 முத்து. தோற்றவர் கையில் 29. குழிக்கு 5 வைத்தால் 5 குழிதான் நிரம்பும். 4 முத்து மீதி. பாக்கி 2 குழியை மூடிவிட வேண்டும். அந்த 5 குழியை வைத்துக்கொண்டு, இழந்ததை மீட்க வேண்டும். ஒரு குழியை நிரப்பக்கூட முத்து இல்லை என்றால்தான் ஆட்டம் முடியும்!