படத்தின் பின்பக்கம்

புத்தளம் உப்பளத்தில் நான் எடுத்த முதல் படங்களில் வெள்ளை உப்புக் குவியல் சாம்பல் நிறமாக இருந்தது. கமராவைக் குறை சொன்னேன். பிழை என்னுடையது. எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சமுள்ளதாகக் கருதியே கமரா ஒளியை அளக்கும். வெள்ளை நிறைந்த இடத்தில் அது படத்தை இருட்டாக்கிவிடும். நாம்தான் ஒளியைக் கூட்ட வேண்டும். பல கைத்தொலைபேசிகளில் குவியலைத் தொட்டு, சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும்.

இது ஒரு வாரத்தில் பழகிவிடும். எடுத்த படங்களை ஒழுங்காக வைப்பதுதான் கஷ்டம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எங்கள் உம்மம்மாவின் அல்பம் அங்கேயே போயிற்று. கைப்பையில் தப்பி வந்த ஒரு படத்தில் ஐந்து பெண்கள் நிற்கிறார்கள். பின்பக்கம் வெறுமை. மூவரை உம்மம்மாவுக்குத் தெரியும். மற்ற இருவருக்கும் கேட்கும்போதெல்லாம் வேறு வேறு பெயர் சொல்கிறார்.

அப்படி ஒரு படம் உங்கள் வீட்டிலும் இருந்தால், பெரியவர்களிடம் கேட்டுப் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள். பேனை வேண்டாம், மை ஊறும்.

தொலைபேசி தரும் வெறும் இலக்கப் பெயரும் வெறும் பின்பக்கம் மாதிரித்தான். நான் கோப்புக்கு '2024-08-11 கற்பிட்டி சாச்சி' என்று பெயரிடுகிறேன். ஆண்டு முதலில் வந்தால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கும். ஒரே கழுதையை நாற்பது தடவை எடுத்திருந்தால் (எடுத்திருக்கிறேன்) இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அன்றிரவே அழித்துவிடுவேன்.

பிரதி இரண்டு. ஒன்று எங்கள் கணினியில். மற்றது ஒரு வன்தட்டில், மாமி வீட்டு அலுமாரியில். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஒன்றாகவே போய்விடும்.